சேத்தியாத்தோப்பில் பனி கொட்டுகிறது

போன மார்கழியில் ஒரு வாரம் அக்கா வீட்டில் இருந்தேன். சிதம்பரம்–விருத்தாசலம் சாலையும் விக்கிரவாண்டி–கும்பகோணம் சாலையும் வெட்டிக்கொள்ளும் சேத்தியாத்தோப்பு குறுக்கு ரோட்டிலிருந்து நடந்துபோகிற தூரம். கரும்பு அரவை நேரம் என்பதால் சர்க்கரை ஆலைக்குப் போகும் டிராக்டர்கள் இரவெல்லாம் உறுமிக்கொண்டிருந்தன. விடியற்காலையில் அக்கா வாசல் தெளித்துக் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். வெள்ளாற்றுப் பக்கமிருந்து இறங்கிய பனியில் எதிர்வீடு பாதிதான் தெரிந்தது. நான் திண்ணையில் காபியோடு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் எட்டாவது படிக்கும் அக்கா மகன், தலையோடு போர்வை போர்த்தியபடி. போர்வைக்குள் வெளிச்சம்.

“மாமா, அப்டேட் வந்துருச்சு. பனி கொட்டுது, பாருங்க.”

எட்டிப் பார்த்தேன். தண்டவாளத்தின் மேல் ஒரு பையன் தலைதெறிக்க ஓடுகிறான். பின்னால் ஒரு போலீஸ்காரர், அவருடைய நாய். ரயில்பெட்டிகளின் கூரையெல்லாம் வெள்ளை. கம்பங்களில் வண்ண விளக்குச் சரம். வானத்திலிருந்து பஞ்சு பஞ்சாக எதுவோ விழுந்துகொண்டிருக்கிறது. போன வாரம்வரை இதே தண்டவாளம் வேறு ஏதோ வெயில் ஊரில் இருந்ததாம்.

போர்வைக்குள் ஒரு பனி, போர்வைக்கு வெளியே ஒரு பனி. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல். ஆனால் பனி என்றால் நமக்கு இலைநுனியில் நிற்கிற துளி, காலையில் வயலை மூடுகிற புகை மாதிரியான ஈரம். பழைய தமிழ் இலக்கணம் ஆண்டை ஆறு பெரும்பொழுதாகப் பிரித்து, அதில் இரண்டைப் பனிக்கே எழுதிவைத்தது: மார்கழியும் தையும் முன்பனி, மாசியும் பங்குனியும் பின்பனி. இரண்டிலும் வெள்ளைப் பஞ்சு விழுந்ததில்லை. போனில் விழுவது டிசம்பர் மாத ஐரோப்பாவின் பனி. அது எப்படி ஒரே இரவில் சேத்தியாத்தோப்புக்கு வந்து சேர்கிறது, எத்தனை பொருளை உண்மையில் மாற்றுகிறது என்று அந்த வாரம் முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன். யோசிக்க யோசிக்க, அக்காவின் கோலமும் எதிர்வீட்டை மறைத்த மூடுபனியும்தான் திரும்பத் திரும்பக் குறுக்கே வந்தன.

முடிவில்லாமல் ஓடும் இந்த வகை விளையாட்டுகளுக்கு வயது அதிகமில்லை. 2009-ல் ஆடம் சால்ட்ஸ்மன் என்ற அமெரிக்கர் செய்த ‘கேனபால்ட்’டில் ஒரே ஒரு பட்டன்தான்: தொட்டால் குதிப்பான். 2012-ல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் தன் சேகரிப்பில் முதன்முதலாகச் சேர்த்த 14 வீடியோ கேம்களில் அதுவும் ஒன்று. 2011 ஆகஸ்டில் ஒரு கணவன் மனைவியின் சிறிய நிறுவனத்திலிருந்து ‘டெம்பிள் ரன்’ வந்தது. 2012 மே மாதம் டென்மார்க்கின் கிலூ, சைபோ நிறுவனங்கள், அக்கா மகன் ஆடும் ‘சப்வே சர்ஃபர்ஸ்’ஐ வெளியிட்டன. 2018-ல் கூகுள் பிளேயில் 100 கோடி பதிவிறக்கத்தை முதலில் தொட்ட விளையாட்டு அதுதான். அதன் ஆயுள் ரகசியம் ஓட்டத்தில் மட்டும் இல்லை. 2013 ஜனவரியில் நியூயார்க்கில் தொடங்கி, சில வாரங்களுக்கு ஒருமுறை ஊர் மாறியது. அக்டோபரில் நியூ ஆர்லியன்ஸில் பேய்த் திருவிழா, டிசம்பரில் லண்டனில் கிறிஸ்துமஸ். பிறகு ஒருமுறை மும்பைக்கும் வந்தது. தண்டவாளம் அதே மூன்றுதான்.

முதலில் இந்த ஓட்டத்தையே நம்பக்கூடாது. கோடம்பாக்கத்துப் பழைய படங்களில் கதாநாயகன் கார் ஓட்டும் காட்சி நினைவிருக்கிறதா? கார் ஸ்டுடியோவுக்குள் நின்ற இடத்தில் நிற்கும். பின்னால் திரையில் சாலை ஓடும். கதாநாயகன் ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் ஆட்டிக்கொண்டே பாடுவார். ஓட்ட விளையாட்டும் பெரும்பாலும் அப்படித்தான். ஓடுகிறவன் ஏறத்தாழ ஒரே இடத்தில் இருக்கிறான், உலகம் அவனை நோக்கி வருகிறது. சிலவற்றில் அவனை நிஜமாகவே முன்னால் ஓடவிட்டு, கொஞ்ச தூரம் போனதும் அவனையும் சுற்றியுள்ள எல்லாவற்றையும் அலுங்காமல் தூக்கித் தொடக்கப் புள்ளியில் வைத்துவிடுவார்கள். செக்குமாட்டின் பயணம்தான்.

ஏன் இந்த வித்தை? சோம்பேறித்தனம் இல்லை, எண் கணக்கு. இவ்வகை விளையாட்டுகள் ஒரு பொருளின் இடத்தைப் பெரும்பாலும் 32 பிட் மிதவைப் புள்ளி எண்ணாக வைத்துக்கொள்கின்றன. அதில் எண்ணின் துல்லியத்துக்குக் கிடைப்பது 24 பிட். நம் கணக்கில் சுமார் 7 இலக்கம். தொடக்கப் புள்ளிக்குப் பக்கத்தில் இருக்கும்வரை அந்த 7 இலக்கம் தாராளம். 1 கி.மீ. தூரத்தில் பத்தில் ஒரு மில்லிமீட்டரைக்கூட அது பிரித்துச் சொல்லும். தூரம் கூடக்கூட இலக்கங்கள் முன்பக்கத்துக்கே செலவாகிவிடும். வீராணம் ஏரியிலிருந்து சென்னைக்குத் தண்ணீர் போகும் குழாயின் நீளம் சுமார் 235 கி.மீ. நம் பையன் அந்தக் குழாயின் மேலேயே ஓடிச் சென்னை போய்ச் சேர்ந்தால், அங்கே அந்த எண் சொல்லக்கூடிய அடுத்தடுத்த இரண்டு இடங்களுக்கு நடுவே 1.6 செ.மீ. இடைவெளி விழுந்திருக்கும். முழங்கால் ஒரு பக்கம் துடிக்கும், தலை ஒரு பக்கம் துடிக்கும். அதனால்தான் செக்கைச் சுற்றவிடுகிறார்கள்.

அடுத்த ஏமாற்று, எதிரே வரும் ரயில்கள். நூற்றுக்கணக்கில் வருவதுபோல் இருக்கும். உள்ளே இருப்பது ஒருசில பெட்டிகள்தான். கிராமத்து நாடகத்தில் படை அணிவகுத்துப் போவதைக் காட்ட ஆறே ஆறு பேர் இருப்பார்கள். மேடையின் ஒரு பக்கம் மறைந்தவர் திரைக்குப் பின்னால் ஓடிவந்து மறுபக்கம் மறுபடி நுழைவார். இங்கேயும் பையனைத் தாண்டிப் போன ரயிலை அழிப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாமல் எடுத்து முன்னால் நிறுத்திவிடுகிறார்கள். ஒவ்வொரு முறையும் புதிய ரயிலுக்கு நினைவகத்தில் இடம் கேட்டு, பழையதைக் கழித்துக் குப்பை பெருக்கிக்கொண்டிருந்தால் போன் ஒரு கணம் திக்கும். விநாடிக்கு 60 படம் காட்டவேண்டுமென்றால் ஒரு படத்துக்குக் கிடைக்கும் நேரம் 16.7 மில்லிவிநாடி. அதற்குள் பெருக்கி முடிக்காவிட்டால் விரல் தட்டியது ஒன்று, திரையில் நடந்தது ஒன்று என்று ஆகிவிடும். “லேக் ஆவுது மாமா” என்று அவன் சலித்துக்கொள்வது பெரும்பாலும் இந்த மாதிரி ஒரு கணத்தைத்தான்.

தண்டவாளமும் அப்படியே. முழுப் பாதையை யாரும் வரைந்துவைப்பதில்லை. சில பத்து மீட்டர் நீளத் துண்டுகளைக் கைப்பட அமைத்துவைத்துக்கொண்டு, ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துக்கொண்டே போகிறார்கள். 20 துண்டு இருந்தால் பத்துத் துண்டு நீளப் பாதையை 10 லட்சம் கோடி விதமாகக் கோக்கலாம். எதை அடுத்து எடுப்பது? சீட்டுக் குலுக்கல். ஆனால் கணிப்பொறிக்குக் குலுக்கத் தெரியாது, கணக்குப் போடத்தான் தெரியும். டெரிக் லேமர் என்ற கணித மேதை சுமார் 75 ஆண்டுகளுக்கு முன்பு சொன்ன வழியை ஒட்டிய ஒரு குட்டிக் கணக்கைக் காகிதத்திலேயே போட்டுப் பார்க்கலாம். ஏதாவது ஒரு எண், சரி, 7. அதை 5-ஆல் பெருக்கி 3-ஐக் கூட்டுங்கள்: 38. அதை 16-ஆல் வகுத்து மீதியை மட்டும் எடுத்தால் 6. அந்த 6-க்கும் இதையே செய்தால் 1. பிறகு 8, 11, 10, 5, 12, 15… பார்த்தால் குலுக்கிப் போட்டதுபோல் இருக்கும். 0 முதல் 15 வரை எல்லா எண்ணும் ஒரு முறை வந்த பிறகுதான் 7 திரும்பி வரும். தொடக்க எண்ணுக்கு ‘வித்து’ என்று பெயர். வித்து ஒன்றானால் விளைச்சலும் ஒன்றேதான், அதாவது பாதையும் ஒன்றேதான். நிஜ விளையாட்டில் 16 என்ற இடத்தில் பல கோடி இருக்கும். வித்தாகப் பெரும்பாலும் அந்தக் கணத்துக் கடிகார நேரத்தைக் கொடுத்துவிடுவார்கள்.

குலுக்கினால் மட்டும் போதாது. மூன்று தண்டவாளத்திலும் ஒரே நேரத்தில் ரயில் நின்றால் பையன் எங்கே போவான்? ஒரு துண்டு முடிகிற இடத்தில் கூரைமேல் ஓடிக்கொண்டிருப்பவன், அடுத்த துண்டில் காரணமில்லாமல் அந்தரத்தில் நிற்கக்கூடாது. எந்தத் துண்டுக்குப் பின் எது வரலாம், எது வரக்கூடாது என்று விதி வேண்டும். விதிகளின் தொகுப்புக்குக் கணிப்பொறிக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் இலக்கணம்.

இந்த இடத்தில்தான் அக்காவின் கோலம் குறுக்கே வந்தது.

அன்று அவள் போட்டது நேர்ப்புள்ளி வைத்த சிக்குக் கோலம். கோடு எந்தப் புள்ளியையும் தொடாது, சுற்றிக்கொண்டே போய்த் தொடங்கிய இடத்தில் சேரும். கொஞ்சம் உற்றுப் பார்த்தால், பக்கத்துப் பக்கத்துப் புள்ளி இரண்டுக்கு நடுவில் கோட்டுக்கு இரண்டே வழிதான்: ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போவது, அல்லது வெட்டாமல் திரும்பிவிடுவது. மூன்றுக்கு மூன்று புள்ளியில் இப்படி 12 நடுவிடங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு வழி என்றால் மொத்தம் 4,096 கோலம். ஐந்துக்கு ஐந்தில் 40 நடுவிடம், கோலங்கள் 1 லட்சம் கோடியைத் தாண்டும். அவற்றில் பெரும்பாலானவை தனித்தனி வளையமும் அரைகுறைச் சுழியுமாகப் பார்க்கச் சகிக்காது. அக்கா ஐந்து நிமிடத்தில் நல்லதொன்றைப் போட்டுவிட்டுப் பூசணிப்பூவைச் செருகிவைத்துப் போய்விட்டாள். அவள் கையில் ஒரு இலக்கணம் இருக்கிறது. ஐந்து புள்ளிக்குத் தெரிந்த விதியை வைத்து ஏழுக்கும் ஒன்பதுக்கும் வளர்க்கிறாள்.

இதை முதலில் கணக்காகப் பார்த்தவர்கள் நம்மவர்களே. தாம்பரத்தில் உள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோன்மணி, ராணி சிரோன்மணி தம்பதியும் கமலா கிருதிவாசனும் 1974-ல் கோலத்தையும் ‘அணி இலக்கணம்’ என்று சொல்லக்கூடிய கணிதத்தையும் இணைத்துச் சர்வதேச ஆய்விதழ் ஒன்றில் கட்டுரை எழுதினார்கள். வாக்கியங்களை விதிகளால் பிறப்பிக்கலாம் என்று நோம் சோம்ஸ்கி 1950-களில் காட்டியிருந்தார். ஒரு குறியை எடுத்துவிட்டு அங்கே இன்னொரு குறிக்கோவையை வை, மறுபடியும் அதையே செய் என்கிற முறை. வாக்கியம் ஒரு வரியில் ஓடும். கோலமோ நாலு பக்கமும் பரவும். அதற்கேற்ப அந்த விதிகளை நீள அகலம் உள்ள கட்டத்துக்கு விரித்தார்கள். விதி சில, கோலம் எண்ணற்றவை. துண்டுகளும் சில விதிகளும் கொடுத்துவிட்டு முடிவில்லாத பாதையை வாங்கும் இன்றைய விளையாட்டுக்காரர்கள் அந்தக் கட்டுரையைப் படித்திருக்க மாட்டார்கள். படித்திருந்தால் வழி புதிதாகத் தோன்றியிருக்காது. இணையத்தில் கோலம் பற்றிய ‘ஆச்சரியத் தகவல்’ வாரம் ஒன்று சுற்றுகிறது. தாம்பரத்துக் கட்டுரையை அதில் யாரும் குறிப்பிட்டு நான் பார்த்ததில்லை என்ற எரிச்சல் எனக்குக் கொஞ்சம் உண்டு.

சரி, பனிக்கு வருவோம். ‘பண்டிகை அப்டேட்’ என்று வந்ததில் மாறியது எது?

மேலே சொன்ன எதுவும் மாறவில்லை. செக்கு அதே செக்கு. நாடகப் படையில் அதே ஆறு பேர். துண்டுகளின் இலக்கணம் அதே. ரயில்பெட்டியின் உருவம்கூட அதேதான். மோதினால் விழவேண்டுமே, அதற்காக ரயிலைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத ஒரு பெட்டி இருக்கிறது. அதைத் தொட்டால் ஆட்டம் முடிந்தது. அதன் நீள அகலத்தை மாற்றினால் இத்தனை நாள் விளையாடிப் பழகிய விரல் ஏமாந்துபோகும். எனவே உருவத்தின் மேல் ஒட்டியிருக்கும் படத்தை மட்டும் உரித்துவிட்டு வேறு படத்தை ஒட்டுகிறார்கள். தலையணை அதே, உறை புதிது.

அந்த உறைக்கும் எடை உண்டு. 1,024-க்கு 1,024 புள்ளி உள்ள ஒரு படம், புள்ளிக்கு 4 பைட் என்று போட்டால் 4 எம்பி. இப்படிப் பத்துப் பன்னிரண்டு உறை சேர்ந்தால் விலை குறைந்த போனின் நினைவகம் மூச்சுவாங்கும். அதனால் படத்தை 8-க்கு 8 கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்துக்கும் 16 பைட் என்று ரேஷன் போடும் ஒரு முறை இருக்கிறது. வெறும் வானமானாலும் 16, முகமானாலும் 16. 4 எம்பி படம் 256 கேபியில் அடங்கிவிடும், பதினாறில் ஒரு பங்கு. வீட்டுக் கூரையின் ஓரத்தில் நிறம் லேசாகக் கலங்கியிருக்கும். ஓடுகிற வேகத்தில் யார் பார்க்கப் போகிறார்கள்?

விழுகிற பனியில்தான் பெரிய பித்தலாட்டம். ஊர் முழுக்கப் பனி விழவில்லை. பார்க்கும் கண்ணைச் சுற்றி ஒரு கொசுவலை அளவு இடத்தில் மட்டும் சில நூறு வெள்ளைத் துணுக்குகள் விழுந்துகொண்டிருக்கும். வலையின் அடிப்பக்கம் வெளியேறிய துணுக்கு மேல்பக்கம் மறுபடி நுழையும். மறுபடியும் அந்த ஆறு பேர். நம்மோடு கூடவே வரும் இந்தப் பனிக்கு வெளியே ஓரடி தள்ளிப் போய்ப் பார்க்க முடிந்தால், வறண்டு கிடக்கும்.

ஆனால் அந்தச் சில நூறு துணுக்குகள் போனுக்குக் கொடுக்கும் வேலை கொஞ்சம் அல்ல. ரயில் ஒளிபுகாத பொருள். அதற்குப் பின்னால் இருப்பதை வரைய வேண்டியதில்லை. பனித்துணுக்கு பாதி ஒளி புகுவது. பின்னால் ஏற்கெனவே வரைந்த நிறத்தைப் படித்து, அதோடு வெள்ளையைக் கலந்து, திரும்ப எழுதவேண்டும். ஒன்றன்மேல் ஒன்றாக ஐந்து துணுக்கு வந்தால் அதே புள்ளியில் ஐந்து முறை கலக்கல். கிறிஸ்துமஸ் பதிப்பு வந்ததும் போன் வழக்கத்தைவிடச் சூடாகிறது என்று அவன் சொன்னதில் காரணம் இருக்கலாம்.

எதிர்வீட்டை மறைத்த நம்மூர்ப் பனியோ நேர் எதிர். அது போனின் வேலையைக் குறைக்கும்.

மார்கழியில் இந்தப் பக்கம் பனி இறங்குவதன் காரணம் எளியது. வடகிழக்குப் பருவமழை பெய்து ஓய்ந்த நேரம். வயலில் தண்ணீர் நிற்கிறது, மண் நனைந்திருக்கிறது, காற்றில் ஈரம் நிறைய. மேகம் விலகிய இரவில் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டு வேகமாகக் குளிர்கிறது. அதை ஒட்டிய காற்றும் குளிர்கிறது. தாங்க முடியாத ஈரத்தை அந்தக் காற்று மிகச் சிறிய துளிகளாக இறக்கிவைக்கிறது. காற்று வேகமாக அடித்தால் கலைந்துவிடும், அசையாமல் இருந்தால் நிற்கும். பார்வைத் தூரம் 1 கி.மீ.க்குக் கீழே போனால் வானிலைக்காரர்கள் கணக்கில் அது மூடுபனி.

அந்தத் துளிக்கூட்டத்தில் வெளிச்சம் எப்படித் தேய்கிறது என்பதற்கு 1924-ல் ஜெர்மானிய வானிலை அறிஞர் ஹரால்ட் கோஷ்மீடர் ஒரு கணக்குச் சொன்னார். சம தூரத்துக்கு ஒருமுறை, பொருளுக்கும் பின்னணிக்கும் உள்ள வேறுபாடு சம விகிதத்தில் குறைந்துகொண்டே வரும். அது ஐம்பதில் ஒரு பங்காகச் சுருங்கும் இடத்தில் கண் கைவிட்டுவிடுகிறது. 200 மீட்டருக்கு மேல் தெரியாத பனி என்றால், சுமார் 35 மீட்டருக்கு ஒருமுறை வேறுபாடு பாதியாகிறது என்று அர்த்தம். விளையாட்டில் மூடுபனி போடுகிறவர்கள் வழக்கமாக எழுதும் சூத்திரங்களில் ஒன்று இதே தேய்வுதான். ஒவ்வொரு புள்ளியின் நிறத்தோடும் தூரத்துக்குத் தக்கபடி கொஞ்சம் சாம்பல் நிறம் சேர்த்தால் போதும். ஒரு பெருக்கல், ஒரு கூட்டல். துணுக்கு இல்லை, கொசுவலை இல்லை.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. முன்னால் கோத்த துண்டு திடீரென்று முளைப்பதை எப்படி மறைப்பது என்பது ஓட்ட விளையாட்டுகளின் நிரந்தரத் தலைவலி. ‘சப்வே சர்ஃபர்ஸ்’ஐக் கவனித்துப் பாருங்கள், தூரத்தில் தண்டவாளம் மெல்லக் கீழே வளைந்து இறங்கும். பூமி உருண்டை என்று பாடம் எடுப்பதற்காக அல்ல. அந்த வளைவுக்கு அப்பால் நடப்பது தெரியாது. மேடைக்குப் பின்னால் ஆட்கள் ஓடிவருவதை மறைக்கும் படுதா அது. பனி இருந்தால் படுதா தனியாக வேண்டாம். 200 மீட்டருக்கு அப்பால் எதையும் வரையவே வேண்டாம். ஆக, சேத்தியாத்தோப்பில் இறங்கும் பனிதான் சேத்தியாத்தோப்புப் பையனின் போனுக்கு ஏற்ற பனி. டென்மார்க்கிலிருந்து இறக்குமதியாகும் பனி அதைச் சூடாக்குகிறது.

விளையாடுகிறவனுக்கு என்ன ஆகும்? மூடுபனியில் வெள்ளாற்றுப் பாலத்தைக் கடக்கிற பேருந்து ஓட்டுநர் வேகத்தைக் குறைப்பார். விளையாட்டில் அது முடியாது, நேரம் போகப்போக வேகம் கூடும். 30 மீட்டர் முன்னால் ரயில் தெரிகிறது, விநாடிக்கு 20 மீட்டர் வேகம் என்றால் கையில் இருப்பது ஒன்றரை விநாடி. கண் பார்த்து விரல் அசையவே கால் விநாடி போய்விடும். இடமா, வலமா, தாவலா, குனிதலா என்று தெரிவுகள் கூடினால் இன்னும் கொஞ்சம். நிற வேறுபாடு குறைந்த பொருளைக் கண் தாமதமாகவே பிடிக்கும் என்பது நூறாண்டுக்கு முந்தைய ஆய்விலேயே தெரிந்த விஷயம். வெள்ளைப் பனியின் மேல் மஞ்சள் காசு கிடந்தால், வேகம் ஏறாமலே ஆட்டம் கடினமாகிவிடுகிறது. திறமையான வடிவமைப்பாளர் காசின் ஓரத்தைக் கறுப்பாக்கியோ தரையை நீலச் சாயலாக்கியோ ஈடுகட்டுவார். எனக்கு இந்த நுணுக்கமெல்லாம் எழுதத்தான் வரும். அவன் போனை வாங்கி ஓடிப் பார்த்ததில் முப்பதாவது விநாடியில் ரயிலில் முட்டினேன்.

உறையை மாற்றினால் போதும் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான சாட்சி ஒன்றும் உண்டு. இணையம் இல்லாதபோது குரோம் உலாவியில் வருகிற டைனோசர். 2014-ல் சேர்த்தது. கள்ளிச்செடியைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது 700 புள்ளி ஆனதும் வெள்ளை கறுப்பாகும், கறுப்பு வெள்ளையாகும். இரவு வந்துவிட்டது! அவ்வளவுதான் வித்தை, ஆனால் முதல் தடவை பார்க்கும்போது முதுகு நிமிரும். 2018-ல் குரோமின் பத்தாம் பிறந்தநாளுக்குப் பாலைவனத்தில் கேக் வைத்தார்கள். மாதத்துக்கு 27 கோடி முறை இந்த ஆட்டம் ஆடப்படுகிறது என்று கூகுள் அப்போது சொன்னது. இணையம் சரியாகக் கிடைக்காத, அல்லது விலை கூடிய நாடுகளில்தான் அதிகம் என்று பட்டியலிட்டதில் முதல் பெயர் இந்தியா. இணையம் அறுந்துபோவது எங்கள் மாவட்டத்துக்குப் புதுச் செய்தி இல்லை. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கரையேறியபோது அந்த டைனோசர் இன்னும் பிறக்கவில்லை. 2015 வெள்ளத்துக்குள் பிறந்திருந்தது.

புதிது என்றால் ஏன் முதுகு நிமிர்கிறது? மூளையில் டோபமைன் சுரக்கும் நரம்பணுக்கள் பரிசுக்குத் துள்ளுவதில்லை, எதிர்பாராத பரிசுக்குத்தான் துள்ளுகின்றன என்று வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸின் குரங்கு ஆய்வுகள் 1990-களில் காட்டின. எதிர்பார்த்தது எதிர்பார்த்தபடி வந்தால் அவை பேசாமல் இருந்துவிடும். நூறு முறை ஓடிய தண்டவாளம் அந்த மாதிரி. உறை மாறினால் கொஞ்ச நாளுக்கு மறுபடியும் துள்ளல். அதோடு ‘இன்னும் 6 நாள் மட்டும்’ என்று ஒரு கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்துவிடுவார்கள். ஆடித் தள்ளுபடிக்காரர்களுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

அந்தக் கடிகாரத்தை ஏமாற்ற முடியுமா என்று அக்கா மகன் முயன்றிருக்கிறான். நாளைய பரிசை இன்றே எடுக்க அம்மாவின் போனில் தேதியை ஒரு நாள் தள்ளிவைத்தான். பரிசு வரவில்லை. செய்தி அனுப்பும் செயலிதான் தேதி தவறு என்று திறக்க மறுத்து அவனைக் காட்டிக்கொடுத்தது. பல விளையாட்டுகள் போனின் கடிகாரத்தை நம்புவதில்லை. எங்கோ உள்ள சர்வரிடம் மணி கேட்கும். அந்தச் சர்வரோ 1970 ஜனவரி 1 நள்ளிரவிலிருந்து எத்தனை விநாடி ஆனது என்று எண்ணிக்கொண்டிருக்கும். நள்ளிரவு என்றால் யுடிசி நள்ளிரவு, குளிர்கால லண்டனின் நள்ளிரவு. பண்டிகைப் பதிப்பின் புதுக் காட்சியோ பனிக்காலப் பரிசுகளோ எதுவானாலும், முன்பே போனில் இறங்கித் தூங்கிக்கொண்டிருக்கும். சர்வர் சரியான விநாடியில் கண்ணைக் காட்டியதும் விழிக்கும். யுடிசி நள்ளிரவில் வைத்த அந்த விநாடி நமக்குக் காலை 5.30. அவன் ஏன் அந்தக் குளிரில் போர்வைக்குள் விழித்திருந்தான் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அக்கா எழுந்தது கோலத்துக்காக, அவன் எழுந்தது யுடிசிக்காக.

நம் பண்டிகைகளை அந்தச் சர்வருக்குச் சொல்லித்தருவது கடினமும் இல்லை. தீபாவளி அமாவாசையைப் பார்த்து நகரும், ரம்ஜான் பிறையைப் பார்த்து. பொங்கல் சூரியக் கணக்கு, ஜனவரி 14 அல்லது 15. நட்சத்திரங்களை வைத்துக் கணக்கிடும் நம் ஆண்டு, ஆங்கில ஆண்டைவிடக் கிட்டத்தட்ட 20 நிமிடம் நீளம் என்பதால் 70 ஆண்டுக்கு ஒரு நாள்தான் தள்ளும். விளையாட்டுகளின் ஆயுளுக்கு இது போதாதா?

எனவே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் சுற்றுவட்டக் கல்லூரிகளிலும் கணினி படிக்கும் தம்பி தங்கைகளிடம் கேட்கிறேன். இப்படியொரு விளையாட்டை உருவாக்க ‘கோடோ’ மாதிரி இலவச மென்பொருள் இருக்கிறது. உருவங்கள் சில, உறைகள் சில, ஒரு வித்து, கொஞ்சம் இலக்கணம். இலக்கணத்தை வீட்டு வாசலிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். ரயிலுக்குப் பதில் கரும்பு ஏற்றிய டிராக்டர். வெள்ளைப் பஞ்சுக்குப் பதில் வெள்ளாற்று மூடுபனி. இதை அக்கா மகனிடம் சொன்னபோது அவன் ஒரு விதியைச் சேர்த்தான்: “கோலத்த மிதிச்சா அவுட்டு மாமா.”

செய்கிறவர்கள் தொடக்க நேரத்தை மட்டும் யுடிசி நள்ளிரவில் வைத்துவிடாதீர்கள். மார்கழியில் 5.30-க்குள் பல வாசல்களில் கோலம் போட்டு முடித்திருப்பார்கள். முந்தின இரவு 10.30 என்று யுடிசியில் குறியுங்கள். நம் ஊரில் அப்போது அதிகாலை 4 மணி.